வெளிநாட்டில் இருந்தபடி பிரிட்டனில் கம்பெனி தொடங்குவோர் அடையாளச் சரிபார்ப்பை முடிப்பது எப்படி?

பிரிட்டனில் ஒரு லிமிடெட் கம்பெனியைப் பதிவு செய்ய அந்த நாட்டில் குடியிருக்க வேண்டும் என்றோ அந்நாட்டுக் குடியுரிமை வேண்டும் என்றோ சட்டம் கேட்பதில்லை. சிங்கப்பூரில் உள்ளூரில் வசிக்கும் இயக்குநர் ஒருவராவது இருந்தே தீரவேண்டும். பிரிட்டனில் அந்த நிபந்தனை கிடையாது. சேலத்தில் உட்கார்ந்துகொண்டே ஒருவர் லண்டன் முகவரியுள்ள ஒரு கம்பெனிக்கு ஒரே இயக்குநராகவும் ஒரே பங்குதாரராகவும் இருக்கலாம். இந்தத் தாராளம் இன்றும் அப்படியேதான் உள்ளது. ஆனால் 2025 நவம்பர் 18 முதல், தாம் இன்னார்தான் என்பதை முன்கூட்டியே மெய்ப்பித்து, அதற்கான தனிநபர் குறியீட்டைப் பெற்ற பிறகுதான் புதிய கம்பெனி ஒன்றின் இயக்குநராக எவரும் பதிவாக முடியும்.

ஆகவே கம்பெனிக்கு என்ன பெயர் வைப்பது என்று யோசிப்பதற்கு முன், உங்கள் பாஸ்போர்ட்டை எடுத்து அதன் முன்னட்டையைப் பாருங்கள். அங்கே ஒரு சிறு செவ்வகமும் அதன் நடுவே ஒரு வட்டமுமாகப் பொன்னிறத்தில் ஒரு சின்னம் அச்சிடப்பட்டிருந்தால், அந்தப் பாஸ்போர்ட்டுக்குள் மின்னணுச் சிப் இருக்கிறது என்று பொருள். அந்தச் சின்னம் இருக்கிறதா இல்லையா என்ற ஒன்றே நீங்கள் போகவேண்டிய வழியைப் பெரும்பாலும் தீர்மானித்துவிடுகிறது. சிப் இருந்தால் கைபேசிச் செயலி வழியாகச் செலவில்லாமல் முடிக்கலாம். சிப் இல்லாத பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு வெளிநாட்டில் இருப்பவர், பிரிட்டனில் அங்கீகாரம் பெற்ற ஒரு முகவரிடம் கட்டணம் கொடுத்துச் செய்துகொள்வதே நடைமுறையில் எஞ்சும் வழி.

தமிழ் வாசகர்களில் பலர் இரண்டாவது வகையில்தான் வருவார்கள். இந்தியாவில் சிப் பொருத்திய இ-பாஸ்போர்ட் 2024 ஏப்ரலில்தான் சோதனை முறையில் தொடங்கியது. சென்னைப் பாஸ்போர்ட் அலுவலகம் 2025 மார்ச்சில் அதை வழங்கத் தொடங்கியது. அதற்கு முன் வாங்கிய சாதாரணப் பாஸ்போர்ட்டுகள் காலாவதியாகும் வரை பயணத்துக்குச் செல்லும், ஆனால் அவற்றில் சிப் கிடையாது. இலங்கையில் புழக்கத்தில் உள்ள பாஸ்போர்ட்டுகளில் பெரும்பாலானவையும் அப்படியே. மாறாக, மலேசியா 1998இலேயே உலகில் முதல் நாடாகச் சிப் வைத்த பாஸ்போர்ட்டை வெளியிட்டது. சிங்கப்பூர்ப் பாஸ்போர்ட்டும் 2006 முதல் சிப்புடன் வருகிறது. ஒரே குடும்பத்தில் அண்ணன் கோலாலம்பூரிலும் தம்பி காரைக்குடியிலும் இருந்து கூட்டாகக் கம்பெனி தொடங்கினால், அண்ணன் வேலையைச் செயலியிலேயே முடித்துவிட, தம்பி முகவரைத் தேடிக்கொண்டிருக்க வேண்டி வரலாம்.

இந்த விதி எங்கிருந்து வந்தது

கம்பெனிப் பதிவேட்டைப் பராமரிக்கும் கம்பெனீஸ் ஹவுஸின் தலைமையகம் வேல்ஸின் கார்டிஃப் நகரில் உள்ளது. 1844ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து தொடரும் இந்தப் பதிவு முறையில், மிக அண்மைக் காலம் வரை, வந்த படிவத்தை வாங்கி அடுக்கி வைப்பதே பதிவாளரின் வேலையாக இருந்தது. படிவம் நிரப்பப்பட்டிருக்கிறதா என்று பார்த்தார்களே தவிர, அதில் எழுதியது உண்மையா என்று கேட்கும் அதிகாரம் அவர்களுக்குப் பெரிதாக இல்லை. 2013இல் ஒருவர், இந்தப் பதிவேட்டில் யார் பெயரை வேண்டுமானாலும் ஏற்ற முடியும் என்பதைக் காட்டுவதற்காகவே, அப்போதைய வணிகத்துறை அமைச்சர் வின்ஸ் கேபிளின் பெயரில் ஒரு கம்பெனியைப் பதிவு செய்து, அதை அமைச்சருக்கே எழுதித் தெரிவித்தார். கடைசியில் 2018இல் பொய்த் தகவல் தாக்கல் செய்ததற்காக அபராதம் கட்டியவரும் அவரேதான். பொருளாதாரக் குற்றம் மற்றும் கம்பெனி வெளிப்படைத்தன்மைச் சட்டம் 2023 அக்டோபர் 26 அன்று அரச ஒப்புதல் பெற்ற பிறகுதான் பதிவாளருக்குக் கேள்வி கேட்கவும் திருப்பி அனுப்பவும் நீக்கவும் அதிகாரம் வந்தது.

அது கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வந்தது. 2024 மார்ச் 4 முதல் பதிவு அலுவலகமாக அஞ்சல் பெட்டி எண்ணைக் கொடுக்க முடியாது. அனுப்பும் தபால் கம்பெனி சார்பில் செயல்படும் ஒருவர் கைக்கு உண்மையிலேயே போய்ச் சேரக்கூடிய முகவரியாக அது இருக்கவேண்டும். அத்துடன் ஒரு மின்னஞ்சல் முகவரியும், கம்பெனி சட்டபூர்வமான நோக்கத்துக்காகவே தொடங்கப்படுகிறது என்ற உறுதிமொழியும் தரவேண்டும். 2025 ஏப்ரல் 8 முதல் விரும்பியவர்கள் அடையாளத்தைச் சரிபார்த்துக்கொள்ளலாம் என்றார்கள்; அதே ஆண்டு நவம்பர் 18இல் அது கட்டாயமானது.

யாரெல்லாம் சரிபார்க்க வேண்டும்

கம்பெனியின் ஒவ்வொரு இயக்குநரும் சரிபார்த்தாக வேண்டும். அடுத்து, பிரிட்டிஷ் படிவங்களில் பி.எஸ்.சி. என்று குறிக்கப்படுபவர்கள். தமிழில் எழுதும்போது பட்டப்படிப்பு போலத் தோன்றினாலும், கம்பெனியின் மீது குறிப்பிடத்தக்க கட்டுப்பாடு உடையவர் என்பதே அதன் பொருள். இங்கே கட்டுப்பாட்டாளர் என்று சொல்லிக்கொள்வோம். 25 விழுக்காட்டுக்கு மேல் பங்கு வைத்திருப்பவர், 25 விழுக்காட்டுக்கு மேல் வாக்குரிமை உடையவர், இயக்குநர்களில் பெரும்பான்மையினரை நியமிக்கவோ நீக்கவோ உரிமை உள்ளவர், வேறு வகையில் கம்பெனியை ஆட்டுவிப்பவர் ஆகியோர் இதில் அடங்குவர். சரியாக 25 விழுக்காடு வைத்திருப்பவர் அந்தக் காரணத்தால் மட்டும் இதில் வரமாட்டார். நான்கு நண்பர்கள் சமமாகப் பங்கு பிரித்துக்கொண்டால் நால்வரும் பங்களவில் கட்டுப்பாட்டாளர்கள் அல்லர். மூவர் சமமாகப் பிரித்தால் மூவருமே கட்டுப்பாட்டாளர்கள்.

சிறு பங்கு மட்டும் வைத்திருப்பவர் பங்குதாரர் என்ற அளவில் சரிபார்க்க வேண்டியதில்லை. எல்.எல்.பி. என்னும் வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மையின் உறுப்பினர்களுக்கும், பிரிட்டனில் கிளை வைத்திருக்கும் வெளிநாட்டுக் கம்பெனியின் இயக்குநர்களுக்கும் இதே கடமை உண்டு. இரண்டாவது வகையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்று பிரிட்டனில் புதிய கம்பெனி எதையும் தொடங்காமல் தன் கிளையை மட்டும் அங்கே பதிவு செய்தாலும், அதன் இயக்குநர்கள் இதிலிருந்து தப்ப முடியாது.

முதல் வழி: சிப் உள்ள பாஸ்போர்ட்டும் கைபேசியும்

பிரிட்டிஷ் அரசின் ஒன் லாகின் என்ற கணக்கு வழியாக இது நடக்கிறது, கட்டணம் இல்லை. முதலில் உங்கள் சொந்த மின்னஞ்சலில் கணக்கைத் திறக்க வேண்டும். அலுவலகத்தின் பொது மின்னஞ்சலிலோ, உங்களுக்கு எல்லா வேலையையும் செய்து தரும் ஆடிட்டரின் மின்னஞ்சலிலோ திறக்காதீர்கள். இந்தச் சரிபார்ப்பு கம்பெனிக்கு உரியதல்ல, உங்களுக்கு உரியது. நாளை அந்த ஆடிட்டரை விட்டு நீங்கினாலும், அந்தக் கம்பெனியையே மூடிவிட்டாலும், இது உங்களுடனே வரும். நுழையும்போது கேட்கும் பாதுகாப்பு எண்ணைக் குறுஞ்செய்தியாகவும் பெறலாம், குறியீடு உருவாக்கும் செயலியிலும் பெறலாம். நாடு விட்டு நாடு வரும் குறுஞ்செய்திகள் எப்போது வரும் என்று சொல்ல முடியாதாகையால், வெளிநாட்டில் இருப்பவர் செயலியைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

அதன் பிறகு அரசின் அடையாளச் செயலியைக் கைபேசியில் இறக்கிக்கொண்டு, பாஸ்போர்ட்டின் புகைப்படப் பக்கத்தைப் படம் எடுக்க வேண்டும். பிறகு கைபேசியைப் பாஸ்போர்ட்டின் மீது வைத்துச் சிப்பைப் படிக்கவிட வேண்டும். கடைசியாக முகத்தை நேராகக் காட்டி ஸ்கேன் செய்ய வேண்டும். எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டாக இருந்தாலும் சிப் உள்ளதாக இருந்தால் ஏற்கப்படும். ஆனால் சிப்பைப் படிக்கும் வசதி கைபேசியில் இருக்க வேண்டும். கடைகளில் தட்டிப் பணம் செலுத்த உதவும் அதே என்.எஃப்.சி. வசதிதான் அது. விலை குறைந்த ஆண்ட்ராய்டு கைபேசிகள் பலவற்றில் அது இருப்பதில்லை. செயலி சிப்பைக் கண்டுகொள்ளவில்லை என்றால், கைபேசியின் உறையைக் கழற்றிவிட்டு, பாஸ்போர்ட்டின் மீது மெதுவாக நகர்த்திப் பார்க்கவும். பல சமயம் கோளாறு பாஸ்போர்ட்டில் இருக்காது. தடித்த கைபேசி உறையில்தான் இருக்கும்.

நடுவே உங்கள் வீட்டு முகவரியையும், எந்த ஆண்டிலிருந்து அங்கே குடியிருக்கிறீர்கள் என்பதையும் கேட்பார்கள். இதற்கு நீங்கள் இப்போது உண்மையில் வசிக்கும் வெளிநாட்டு முகவரியைத்தான் தரவேண்டும். கம்பெனியின் பதிவு அலுவலகத்துக்காக வாங்கிய லண்டன் முகவரியை இங்கே எழுதுவது, வசதியாகத் தோன்றினாலும், பொய்த் தகவல்.

ஒன் லாகினில் வேறு இரண்டு வழிகளும் உண்டு. கேள்விகளுக்கு விடை சொல்லி நிரூபிக்கும் முறை பிரிட்டனில் வாழ்ந்து, அங்கே வங்கி, வரி விவரங்கள் பதிவாகியிருப்பவர்களுக்கு ஏற்றது. விவரங்களை இணையத்தில் பதிந்துவிட்டு அஞ்சலகத்துக்கு நேரில் போய்க் காட்டும் முறைக்கு ஆள் பிரிட்டனில் இருக்க வேண்டும். ஆதார், பான், வாக்காளர் அட்டை எதையும் ஒன் லாகின் ஏற்காது. அவற்றின் நோட்டரி நகலை எடுத்து வைத்துக்கொள்வதாலும் இங்கே பயனில்லை, ஏனெனில் நகலைக் கொடுக்கும் இடமே இந்த வழியில் கிடையாது.

இந்தியப் பாஸ்போர்ட் இன்னும் சில மாதங்களில் காலாவதியாகப் போகிறது என்றால், அவசரமில்லாதவர் முதலில் அதைப் புதுப்பித்து இ-பாஸ்போர்ட் வாங்கிக்கொண்டு இந்த வழிக்கு வருவதே சிக்கனம் என்பது என் கருத்து. சரிபார்ப்பைப் பொதுவாக வாழ்நாளில் ஒரு முறை செய்தால் போதும். பிற்பாடு பாஸ்போர்ட் எண் மாறினாலும் அதற்காக மீண்டும் தொடக்கத்திலிருந்து வரவேண்டியதில்லை.

பெயரும் பிறந்த தேதியும்

எந்த வழியில் போனாலும் தமிழர்களுக்கு நேரக்கூடிய சிக்கல் ஒன்று உண்டு. அதைத் தொடங்குவதற்கு முன்பே தீர்த்துக்கொள்ள வேண்டும். நம் வழக்கில் பெயர் ஒன்றுதான், முன்னால் தந்தை பெயரின் முதலெழுத்து. பிரிட்டிஷ் படிவங்களோ முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்களை வைத்துக் காத்திருக்கின்றன. வங்கியில் எஸ். முருகன் என்றும், பாஸ்போர்ட்டில் பெயர் முருகன், குடும்பப்பெயர் சுப்பிரமணியன் என்றும், பழைய கம்பெனிப் பதிவில் முருகன் எஸ். என்றும் ஒரே ஆள் மூன்று விதமாகப் பதிவாகியிருந்தால், பார்க்கிற இயந்திரத்துக்கு அவர்கள் மூன்று பேர்.

இங்கே விதி எளியது: பாஸ்போர்ட்டில் எப்படி உள்ளதோ அப்படியே எல்லா இடத்திலும். புகைப்படப் பக்கத்தின் அடியில், அம்புக்குறி போன்ற அடையாளங்கள் நிறைந்த இரண்டு வரிகள் இருக்கும். கருவிகள் படிப்பது அவற்றைத்தான். உங்கள் பெயர் அங்கே எப்படிப் பிரிந்து நிற்கிறது என்று பார்த்து, ஒன் லாகினிலும், முகவரிடமும், கம்பெனிப் படிவத்திலும் அதே பிரிப்பைக் கையாளுங்கள். முதலெழுத்தை விரிப்பதா சுருக்குவதா என்பதை ஒவ்வொரு படிவத்திலும் புதிதாக முடிவு செய்யக் கூடாது. ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஒரு எச் எழுத்து ஒரு தாளில் இருந்து மற்றொன்றில் விடுபடுவதும் இதே வகைத் தொல்லைதான்.

இந்தியப் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் வெறுமையாக உள்ளவர்களும், மலேசியப் பாஸ்போர்ட்டில் மகன் அல்லது மகள் என்னும் உறவுக்குறியுடன் முழுப்பெயர் ஒரே தொடராக வரப்பெற்றவர்களும் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இல்லாத குடும்பப்பெயர் ஒன்றைப் படிவத்துக்காகக் கற்பித்து எழுதுவது கூடாது. இத்தகைய பெயருள்ளவர்கள், சிப் உள்ள பாஸ்போர்ட் இருந்தாலும் செயலி இரண்டொரு முறை திணறினால், பிடிவாதம் பிடிக்காமல் முகவர் வழிக்கு மாறிவிடலாம். பெயர் வழக்கம் வேறுபடும் என்பதை ஒரு மனிதரிடம் விளக்க முடியும்; கருவியிடம் முடியாது.

பிறந்த தேதியும் அப்படியே. பள்ளியில் சேர்ப்பதற்காக அப்பா கொடுத்த தேதி ஒன்றும் வீட்டில் கொண்டாடும் தேதி ஒன்றுமாக இருப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். பாஸ்போர்ட்டில் உள்ளதே இங்கே உங்கள் பிறந்த தேதி.

இரண்டாவது வழி: அங்கீகாரம் பெற்ற முகவர்

கம்பெனீஸ் ஹவுஸில் பதிவு செய்துகொண்டு, பிறரின் அடையாளத்தைச் சரிபார்த்துச் சொல்ல உரிமை பெற்ற முகவர்கள் உண்டு. கணக்காளர்கள், வழக்கறிஞர்கள், கம்பெனி தொடங்கித் தரும் நிறுவனங்கள் ஆகியோர் 2025 மார்ச் முதல் இவ்வாறு பதிவு செய்து வருகிறார்கள். அவர்கள் பிரிட்டனின் பணச் சலவைத் தடுப்பு விதிகளின் கீழ் ஏதேனும் ஒரு மேற்பார்வை அமைப்புக்குக் கட்டுப்பட்டவர்களாக இருக்க வேண்டும். அந்த அமைப்பு வரித்துறையாகவும் இருக்கலாம், பட்டயக் கணக்காளர் அமைப்பாகவும் இருக்கலாம். இதனால், சென்னையில் உங்களுக்குப் பல்லாண்டாகத் தெரிந்த ஆடிட்டர் எவ்வளவு நம்பிக்கையானவராக இருந்தாலும், பிரிட்டனில் அந்த மேற்பார்வைக்குள் வராதவரை, உங்கள் அடையாளத்தைச் சரிபார்த்துச் சொல்லும் தகுதி அவருக்கு இல்லை. அவர் உங்களுக்கும் முகவருக்கும் இடையே தாள்களைச் சேர்த்து அனுப்பலாம், அவ்வளவே.

ஆகவே பணம் கட்டுவதற்கு முன் முகவரிடம் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். எந்த அமைப்பின் மேற்பார்வையில் இருக்கிறீர்கள் என்பது ஒன்று. அதற்கான விடையை அந்த அமைப்பின் உறுப்பினர் பட்டியலிலேயே சரிபார்த்துக்கொள்ளலாம். சிப் இல்லாத என் நாட்டுப் பாஸ்போர்ட்டை ஏற்பீர்களா, எந்த முறையில் என்பது மற்றொன்று. சட்டப்படி தகுதியுள்ள முகவர் ஒவ்வொருவரும் எல்லா நாட்டவருக்கும் இந்தச் சேவையைச் செய்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தங்கள் மென்பொருளால் படிக்க முடியாத பாஸ்போர்ட்டை வேண்டாம் என்று சொல்லும் முகவர்களிடம் முன்பணம் கட்டிவிட்டுக் காத்திருப்பதில் பொருளில்லை.

முகவர் சரிபார்க்கும் முறை இரண்டு. ஆவணத்தையும் முகத்தையும் ஒப்பிடும் தொழில்நுட்பக் கருவியைப் பயன்படுத்தலாம்; அல்லது கம்பெனீஸ் ஹவுஸ் வகுத்த பட்டியலில் இருந்து இரண்டு ஆவணங்களை வாங்கி, பயிற்சி பெற்ற ஒருவர் அவற்றைப் பார்த்து முடிவு செய்யலாம். இரண்டாவது முறையில் பாஸ்போர்ட்டுக்குத் துணையாக இன்னொரு ஆவணமும் தேவைப்படும் என்பதால், எது ஏற்கப்படும் என்பதை எழுத்திலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தமிழில் மட்டும் உள்ள பிறப்புச் சான்றிதழ் போன்றவற்றுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பைக் கையில் வைத்திருப்பது நல்லது. சரிபார்த்ததற்கான பதிவுகளை முகவர் ஏழு ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். அதாவது உங்கள் பாஸ்போர்ட் நகல் அவரிடம் அவ்வளவு காலம் இருக்கும். குறைந்த கட்டணம் என்ற ஒன்றை மட்டும் பார்த்து முன்பின் தெரியாதவரைத் தேர்ந்தெடுக்கும் முன் இதை நினைத்துப் பாருங்கள்.

சரிபார்த்து முடித்ததும், முகவர் உங்கள் பெயர், பிறந்த தேதி, வீட்டு முகவரி, மின்னஞ்சல் ஆகியவற்றுடன் கம்பெனீஸ் ஹவுஸுக்கு ஓர் அறிக்கையைத் தாக்கல் செய்வார். அதன்பின் தனிநபர் குறியீடு உங்கள் மின்னஞ்சலுக்கு வரும். முகவர் தன் மின்னஞ்சலைக் கொடுத்திருந்தால் அது அவரிடம்தான் போகும். எனவே உங்கள் மின்னஞ்சலைத்தான் கொடுத்தாரா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். உங்களுக்காக ஒன் லாகின் கணக்கை நாங்களே திறந்து முடித்துத் தருகிறோம், கடவுச்சொல்லை மட்டும் கொடுங்கள் என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே விலகிவிடுங்கள். முகவர் வழி வேறு, ஒன் லாகின் வழி வேறு. ஒருவரின் ஒன் லாகினுக்குள் இன்னொருவர் நுழைவதற்கு நேர்மையான காரணம் எதுவும் இருக்க முடியாது.

குறியீடு கிடைத்த பிறகு

தனிநபர் குறியீடு எழுத்துகளும் எண்களும் கலந்த 11 இலக்கங்கள் கொண்டது. இதைக் கம்பெனியின் மற்ற எண்களோடு குழப்பிக்கொள்வது வழக்கம். கம்பெனி பதிவான பின், அதன் பதிவு அலுவலகத்துக்குத் தபாலில் வரும் 6 இலக்க அங்கீகாரக் குறியீடு கம்பெனிக்கு உரியது. வரித்துறை அனுப்பும் 10 இலக்க எண் வரிக்கு உரியது. 11 இலக்கக் குறியீடு மட்டுமே உங்களுக்கு உரியது. நீங்கள் எத்தனை கம்பெனிகளில் இயக்குநராக இருந்தாலும் ஒரே குறியீடுதான். பொதுப் பதிவேட்டில் நீங்கள் சரிபார்க்கப்பட்டவர் என்பது தெரியுமே தவிர, குறியீடு தெரியாது. உங்கள் சார்பில் படிவம் தாக்கல் செய்பவரைத் தவிர வேறு எவருக்கும் அதைச் சொல்ல வேண்டியதில்லை.

கம்பெனி பதிவுப் படிவத்தில் ஒவ்வொரு இயக்குநரின் குறியீட்டையும் தரவேண்டும். மூவரில் ஒருவருக்குக் குறியீடு இன்னும் வரவில்லை என்றால், வந்த இருவரை மட்டும் வைத்துப் பதிவு செய்துவிட்டு மூன்றாமவரைப் பின்னர் சேர்க்கலாம். அவரையும் சேர்த்து அனுப்ப முடியாது. இணையவழிப் பதிவுக் கட்டணம் 2024 மே மாதத்தில் 50 பவுண்டாக உயர்ந்து, 2026 பிப்ரவரி 1 முதல் 100 பவுண்டாகியுள்ளது. படிவத்தில் நீங்கள் தரும் வீட்டு முகவரி பொதுமக்களுக்குக் காட்டப்படாது. தொடர்பு முகவரியும், பிறந்த மாதமும் ஆண்டும், நாட்டினமும், வசிக்கும் நாடும் காட்டப்படும். தொடர்பு முகவரி என்ற கட்டத்தில் வீட்டு முகவரியையே எழுதிவிட்டுப் பின்னர் வருந்துபவர்கள் உண்டு.

அடுத்துச் சொல்வதுதான் மிக எளிதாகத் தவறவிடப்படுவது. ஒரே ஆள் இயக்குநராகவும் கட்டுப்பாட்டாளராகவும் இருந்தால், பதிவுப் படிவத்தில் குறியீடு தந்தது இயக்குநர் என்ற பொறுப்புக்கு மட்டுமே. கட்டுப்பாட்டாளர் என்ற பொறுப்புக்கு அதே குறியீட்டைத் தனியாக, அவர் பெயர் கட்டுப்பாட்டாளராகப் பதிவேட்டில் ஏறியதிலிருந்து 14 நாட்களுக்குள், இன்னொரு முறை தரவேண்டும். ஒரே ஆள், ஒரே குறியீடு, ஆனால் இரண்டு தாக்கல்கள். தனி ஆளாகக் கம்பெனி தொடங்கும் வெளிநாட்டவர் அனைவரும் இந்த வகையில்தான் வருவார்கள். கம்பெனி பதிவான அன்றே, பதிவுச் சான்றிதழ் மின்னஞ்சலில் வந்த கையோடு, இதையும் முடித்துவிடுவது உத்தமம்.

சரிபார்க்காமல் இயக்குநராகச் செயல்படுவதும், அப்படிச் செயல்படக் கம்பெனி விடுவதும் குற்றம், அபராதம் உண்டு.

ஏற்கெனவே கம்பெனி வைத்திருப்போர்

2025 நவம்பர் 18க்கு முன்பே இயக்குநராக இருந்தவர்களுக்கு ஓராண்டு இடைக்காலம் தரப்பட்டது. பதிவேட்டில் உள்ள விவரங்கள் சரிதான் என்று கம்பெனி ஆண்டுதோறும் தரும் உறுதிப்படுத்தல் அறிக்கை, அந்த ஓராண்டுக்குள் அடுத்து எப்போது வருகிறதோ, அப்போது எல்லா இயக்குநர்களின் குறியீடுகளும் அதனுடன் போகவேண்டும். உதாரணமாக, அறிக்கையின் தேதி 2026 ஏப்ரல் 10 என்றால், ஏப்ரல் 24க்குள் அதைத் தாக்கல் செய்ய வேண்டும்; ஒரு இயக்குநரின் குறியீடு குறைந்தாலும் அறிக்கையைத் தாக்கல் செய்ய முடியாது. முகவரைத் தேடி, ஆவணம் அனுப்பி, குறியீடு பெறும் வேலையை அந்த 14 நாட்களுக்குள் செய்துவிடலாம் என்று நினைப்பது ஆபத்து. இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள்.

இயக்குநராகவும் உள்ள கட்டுப்பாட்டாளர், அறிக்கைத் தேதிக்கு அடுத்த நாளிலிருந்து 14 நாட்களுக்குள் தன் இரண்டாவது தாக்கலைச் செய்ய வேண்டும். இயக்குநராக இல்லாத கட்டுப்பாட்டாளருக்கோ விதி விநோதமானது: அவர் பிறந்த மாதத்தின் முதல் 14 நாட்கள் அவருடைய காலம். செப்டம்பரில் பிறந்தவருக்கு 2026 செப்டம்பர் 1 முதல் 14 வரை. முதலீடு மட்டும் செய்துவிட்டுக் கம்பெனி விவகாரத்தில் தலையிடாமல் இருக்கும் மாமனாரோ நண்பரோ இப்படி ஒரு தேதி தனக்கு இருப்பதை அறியாமலே இருக்கலாம். அதை நினைவூட்டும் பொறுப்பை இயக்குநர் ஏற்றுக்கொள்வது நல்லது.

இந்தச் சரிபார்ப்பு எதற்கு உதவாது

குறியீடு வந்துவிட்டது, இனி எல்லாம் முடிந்தது என்று எண்ண வேண்டாம். கம்பெனி தொடங்கித் தரும் முகவர், பதிவு அலுவலக முகவரி வழங்குபவர், வங்கி ஆகிய ஒவ்வொருவரும் 2017ஆம் ஆண்டுப் பணச் சலவைத் தடுப்பு விதிமுறைகளின்படி தத்தம் வாடிக்கையாளரைத் தனித்தனியே விசாரித்தாக வேண்டும். அவர்கள் கேட்பது நீங்கள் யார் என்பதை மட்டுமல்ல: என்ன தொழில், பணம் எங்கிருந்து வருகிறது, வாடிக்கையாளர்கள் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்றெல்லாம் கேட்பார்கள். கம்பெனீஸ் ஹவுஸின் 11 இலக்கக் குறியீட்டைக் காட்டி இந்தக் கேள்விகளிலிருந்து விலகிக்கொள்ள முடியாது. உண்மையில், வெளிநாட்டில் இருப்பவருக்குக் கம்பெனி தொடங்குவதைவிட அதற்கு ஒரு வங்கிக் கணக்குத் திறப்பதே கடினம்.

இந்தியாவில் வசிப்போர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அது வரிசையில் முதலில் வரவேண்டியது. 2022 ஆகஸ்டில் வெளியான வெளிநாட்டு முதலீட்டு விதிகளின்படி, ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் தொடக்க ஆவணத்தில் பங்குக்குக் கையெழுத்திடுவதே நேரடி வெளிநாட்டு முதலீடு. ஒரு பவுண்டு மதிப்புள்ள ஒரே ஒரு பங்கானாலும் அப்படித்தான். தனிநபருக்கு ஒரு நிதியாண்டில் அனுமதிக்கப்பட்ட 2,50,000 டாலர் வரம்புக்குள் அது இருக்க வேண்டும். பணம் அனுப்புவதற்கோ பங்கைப் பெறுவதற்கோ முன்பே, எது முந்தியதோ அதற்கு முன், உங்கள் வங்கி வழியாக, வெளிநாட்டு முதலீட்டைத் தெரிவிக்கும் எஃப்.சி. படிவத்தைத் தாக்கல் செய்து ரிசர்வ் வங்கியின் தனி அடையாள எண்ணைப் பெற வேண்டும். கம்பெனியைக் கையில் வைத்திருப்பவர் அதன்பின் ஆண்டுதோறும் டிசம்பர் 31க்குள் செயல்பாட்டு அறிக்கையும் தரவேண்டும். பிரிட்டனில் பதிவு ஓரிரு நாளில் முடிந்துவிடுகிறது என்பதால் பலர் முதலில் கம்பெனியைத் தொடங்கிவிட்டுப் பிறகு வங்கிக்குப் போகிறார்கள்; அது விதிக்கு மாறான வரிசை. எனவே அடையாளச் சரிபார்ப்பை இன்றே தொடங்கலாம், அதில் தடை எதுவும் இல்லை. பதிவுப் படிவத்தை அனுப்பும் பொத்தானை மட்டும் வங்கி அந்த எண்ணைத் தந்த பிறகு அழுத்துங்கள்.